சிஆர்பி எவ்வளவு என்பது இருக்கட்டும், மூச்சு எப்படி இருக்கிறது?

மழையும் பனியும் மாறி மாறி வரும் மாதங்களில் ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துக் குடும்ப வாட்ஸப் குழுக்களில் லேப் ரிப்போர்ட் ஒன்றாவது வந்து விழாத வாரம் கிடையாது. காய்ச்சல், இருமல், நெஞ்சு சளி, கூடவே ஒரு படம். அதில் சிஆர்பி என்ற ரத்தப் பரிசோதனையின் வரிக்கு நேரே கொட்டை எழுத்தில் ஓர் எண். "அறுபது இருக்காம், கோயமுத்தூர் கூட்டிட்டுப் போயிடலாமா?" என்று ஒருவர் கேட்பார். "எங்க மாமாவுக்கு நூத்தி இருபது இருந்துச்சு, ஒண்ணும் ஆகலையே" என்று இன்னொருவர் வருவார். படுத்திருப்பவர் எழுந்து நடக்கிறாரா, பேசும்போது மூச்சு வாங்குகிறதா, ஏதாவது சாப்பிட்டாரா என்று கேட்க ஆளிருக்காது. இதற்கு நேர் எதிரான கூத்தும் உண்டு. தாத்தா படுக்க முடியாமல் கட்டிலில் உட்கார்ந்தபடி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருப்பார், வீட்டில் "சிஆர்பி நார்மல்தானே, சாதா சளிதான்" என்று கஷாயம் கொதித்துக்கொண்டிருக்கும்.

சிஆர்பி, டி-டைமர், ஃபெரிட்டின் எல்லாம் கொரோனா காலத்தில் வீட்டுக்குள் வந்த பெயர்கள். வந்தவை போகவில்லை, இப்போது எந்த வைரஸ் காய்ச்சலுக்கும் இவற்றை வைத்துத்தான் "சீரியஸா, இல்லையா" என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். இவை உண்மையில் எதை அளக்கின்றன என்று தெரிந்தால் பாதிப் பயம் குறையும், குறையக் கூடாத இடத்தில் பயம் மிச்சமும் இருக்கும். இதைப் படித்துவிட்டு நீங்களே மருந்து முடிவு செய்யக் கிளம்பிவிடாதீர்கள், அது வேறு விஷயம்.

கீழே வரும் கலங்கல்

கேத்திப் பள்ளத்தாக்கில் ஓடையோரம் வீடு இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். தண்ணீர் திடீரென்று செக்கச் சிவப்பாகக் கலங்கி வந்தால் மேலே ஏதோ நடந்திருக்கிறது. என்ன நடந்தது, எங்கே நடந்தது என்று தண்ணீரைப் பார்த்துச் சொல்ல முடியாது. மண் சரிந்திருக்கலாம், நல்ல மழை பெய்திருக்கலாம், யாராவது தோட்டத்தைக் கொத்தியிருக்கலாம், கேரட் கழுவும் மெஷினிலிருந்து விட்ட தண்ணீராகக்கூட இருக்கலாம். மேலே மழை தொடங்கிய நிமிடமே கீழே கலங்காது, மழை விட்ட உடனே தெளியவும் செய்யாது. அப்புறம் இன்னொன்று, இதுதான் முக்கியம்: மேலே ஒரு பாறை உருண்டு வீட்டுக் கூரையில் விழுந்தாலும், அது ஓடைப் பக்கம் வராவிட்டால் தண்ணீர் தெளிவாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

சிஆர்பி என்பது இந்தக் கலங்கலின் அளவு.

உடம்புக்குள் நடப்பது

கிருமி நுழைந்தாலோ அடிபட்டாலோ உடல் அந்த இடத்துக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டி, வெள்ளை அணுக்களை வரவழைத்து, சண்டை போட்டு, சேதத்தைச் சரிசெய்யப் பார்க்கும். இந்த மொத்த ஏற்பாட்டுக்குப் பெயர் அழற்சி. தொண்டை கரகரப்பதும், மூக்கு வீங்கி அடைப்பதும், காய்ச்சலும் இதன் பகுதிகள். வைரஸ் செய்யும் வேலை பாதி என்றால், வைரஸை விரட்ட நம் உடம்பு செய்யும் வேலை மீதிப் பாதி.

வைரஸ் புகுந்த செல்களும், அங்கே வந்து சேரும் வெள்ளை அணுக்களும் சில புரதங்களை வெளியே விடுகின்றன. ஒரு செல் இன்னொரு செல்லுக்குச் செய்தி சொல்லப் பயன்படும் இவற்றுக்கு சைட்டோகைன் என்று பெயர். அதில் ஒன்று இன்டர்லூகின்-6, லேப் ரிப்போர்ட்டில் ஐஎல்-6 என்று வருவது. இது ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போகிறது. அந்தச் செய்தி கிடைத்ததும் கல்லீரல் சில புரதங்களை அள்ளித் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது. அவற்றில் பெயர் பெற்றதுதான் சி-ரியாக்டிவ் புரோட்டீன், அதாவது சிஆர்பி. இது போய்ப் பாக்டீரியாக்களின் மேலும் செத்த செல்களின் மேலும் ஒட்டிக்கொண்டு, "இதை அப்புறப்படுத்து" என்று நோய் எதிர்ப்பு அமைப்புக்கு அடையாளம் காட்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, சிஆர்பி வைரஸும் இல்லை, வைரஸின் அளவும் இல்லை, நுரையீரலிலிருந்து வருவதும் இல்லை. எங்கோ அழற்சி நடக்கிறது என்ற செய்தி கல்லீரல் வரைக்கும் போய், கல்லீரல் கொடுத்த பதில் அது. கல்லீரலுக்குச் செய்தி நுரையீரலிலிருந்து வந்ததா, சொத்தைப் பல்லிலிருந்தா, சிறுநீர்த் தொற்றிலிருந்தா என்பது தெரியாது. நமக்கும் எண்ணைப் பார்த்துத் தெரியாது.

1930-இல் நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் ஃபிரான்சிஸ் இருவரும் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். நிமோனியாக் கிருமியின் 'சி' என்று பெயரிட்டிருந்த ஒரு சர்க்கரைப் பொருளோடு இது வினைபுரிந்ததால் அந்தப் பெயர். நிமோனியாவுக்கே உரியதோ என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு பார்த்தால் மூட்டுக் காய்ச்சல், அறுவை சிகிச்சை, மாரடைப்பு என்று எதற்கும் ஏறுகிறது. அந்த ஃபிரான்சிஸ்தான் பிற்பாடு, 1940-இல், இன்ஃப்ளூயன்சா பி வைரஸைக் கண்டுபிடித்தவர் என்பது கொசுறுத் தகவல்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: அழற்சி நடக்கிறது, ஐஎல்-6 செய்தி கொண்டுபோகிறது, கல்லீரல் சிஆர்பியை விடுகிறது, லேப் அதை அளக்கிறது. எங்கே, எதனால் என்ற கேள்விகளுக்கு இந்தச் சங்கிலியில் பதில் இல்லை.

எப்போது எடுத்த ரத்தம்?

காலையில் காய்ச்சல் வந்து மதியமே டெஸ்ட் எடுத்துவிட்டு "சிஆர்பி நார்மல்" என்று நிம்மதியாகிறவர்கள் இருக்கிறார்கள். அழற்சி தொடங்கிச் சுமார் 6 மணி நேரம் கழித்துத்தான் சிஆர்பி ஏறவே ஆரம்பிக்கும், உச்சத்துக்கு வர ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும். இறங்குவதற்கும் ஒரு கணக்கு உண்டு. கல்லீரல் உற்பத்தியை அடியோடு நிறுத்திவிட்டாலும், ரத்தத்தில் இருக்கிற சிஆர்பி பாதியாகக் குறைய சுமார் 19 மணி நேரம் பிடிக்கும். 100 இருந்தவருக்கு மறுநாள் 40-க்குப் பக்கத்தில், அதற்கு மறுநாள் 20-க்குப் பக்கத்தில், அதுவும் எல்லாம் நல்லபடி நடந்தால். ஆகவே நோயாளி தெம்பாக எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கும் நாளிலும் ரிப்போர்ட்டில் எண் கொட்டை எழுத்தில்தான் இருக்கும்.

ஒரே ஒரு ரிப்போர்ட்டைவிட, ஒன்றிரண்டு நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு ரிப்போர்ட் சொல்வது அதிகம். 80-லிருந்து 30-க்கு வருபவரும் 30-லிருந்து 80-க்குப் போகிறவரும் நடுவில் ஒரே எண்ணைக் கடக்கிறார்கள், ஆனால் இருவர் நிலைமையும் ஒன்றா?

அலகு என்ற குழி

சாதாரணமாக லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குள், சில லேப்களில் 10-க்குள் இருந்தால் நார்மல் என்பார்கள். பிரச்சினை என்னவென்றால் எல்லா லேப்பும் லிட்டர் கணக்கில் தருவதில்லை, சில இடங்களில் டெசிலிட்டர் கணக்கு. லிட்டருக்கு 48 என்பதும் டெசிலிட்டருக்கு 4.8 என்பதும் ஒன்றே. மேலே ஒரு லேப்பில் எடுத்து, கீழே கோயம்புத்தூரில் இன்னொரு லேப்பில் எடுத்து, "ஒரே நாள்ல பத்து மடங்கு இறங்கிடுச்சு" என்று சந்தோஷப்படுவதும் உண்டு, "ஏறிடுச்சு" என்று அழுவதும் உண்டு. எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருப்பதை முதலில் படியுங்கள்.

உடல் பருமன், புகைபிடித்தல், ஈறு நோய், மூட்டுவாதம் இருப்பவர்களுக்குச் சளியே இல்லாத நாளிலும் சிஆர்பி கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம்.

ரிப்போர்ட்டில் இருக்கும் மற்ற பெயர்கள்

ஈஎஸ்ஆர். ரத்தத்தை ஒரு மெல்லிய குழாயில் நிமிர்த்தி வைத்து, ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்குகின்றன என்று பார்ப்பது. அழற்சியின்போது கல்லீரல் விடும் ஃபைப்ரினோஜன் என்ற இன்னொரு புரதம் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டி அடுக்காக்கிவிடும், அடுக்கு கனமாக இருப்பதால் சீக்கிரம் இறங்கும். பழைய, மலிவான, நல்ல டெஸ்ட்தான், ஆனால் மந்தமானது. நோய் போய் வாரக்கணக்கில் ஆன பிறகும் கூடுதலாகவே காட்டும். ரத்தசோகை இருந்தாலும் ஏறும், கர்ப்பத்திலும் ஏறும், வயதாக ஆக ஏறும். தேயிலை பறிக்கப் போகும் ஒரு பெண்ணுக்கு ஈஎஸ்ஆர் 45 என்றால் அது நெஞ்சு சளியாலா, பல வருட ரத்தசோகையாலா என்று பிரிப்பது கஷ்டம்.

நீலகிரியில் இதற்கு நேர்மாறான சிக்கலும் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை என்பது என் ஆதங்கம். சிக்கிள் செல் என்ற அரிவாள் அணு நோய் இந்தியாவில் முதலில் பதிவானதே இந்த மலையில்தான். 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தில் அதைக் கண்டார்கள். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் பணியர், இருளர், குறும்பர் குடும்பங்களில் இன்றும் இருக்கிறது. அந்த நோய் உள்ளவர்களின் சிவப்பணு வளைந்து கோணலாகிவிடுவதால் ஒன்றின்மேல் ஒன்று அடுக்காகாது, அடுக்காகாவிட்டால் சீக்கிரம் இறங்காது. அதாவது, உள்ளே அழற்சி கொழுந்துவிட்டு எரிந்தாலும் ஈஎஸ்ஆர் குறைவாகவே காட்டலாம். அவர்களில் ஒருவருக்குக் காய்ச்சலோடு நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஏனென்றால் சாதாரண வைரஸ் சளியே அவர்கள் நுரையீரலில் ரத்தக் குழாய் அடைபடும் ஆபத்தில் கொண்டுபோய் விடக்கூடும்.

ஃபெரிட்டின் என்பது இரும்புச் சத்தைச் சேமித்து வைக்கும் புரதம். இரும்புச் சத்துக் குறைந்தால் இறங்கும், அழற்சி வந்தால் ஏறும். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால்? நடுவில் நின்று நார்மலாகக் காட்டும். அந்த நார்மலை நம்பி "இரும்புச் சத்து நல்லா இருக்கு" என்று முடிவு கட்டக் கூடாது.

டி-டைமர், ரத்தம் உறைந்து அந்த உறைவு கரையும்போது விழும் துணுக்கு. உடம்பில் எங்கோ உறைதலும் கரைதலும் நடக்கிறது என்று மட்டும் சொல்லும். வயது, கர்ப்பம், அறுவை சிகிச்சை, எந்தத் தொற்றும் இதை ஏற்றும். இதிலும் இரண்டு வித அலகு உண்டு, ஒன்று மற்றதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ப்ரோகால்சிடோனின், பாக்டீரியா தொற்றில் நன்றாக ஏறுவது, வைரஸில் பெரும்பாலும் அடங்கியே இருப்பது. பெரிய ஆஸ்பத்திரிச் சமாசாரம், வீட்டில் உட்கார்ந்து இதைக் கேட்டு எடுக்க வேண்டியதில்லை. லிம்போசைட் என்பது வெள்ளை அணுவில் ஒரு வகை. கடுமையான கொரோனாவில் இது குறைவது வழக்கம், மற்றவை ஏறும்போது இது இறங்கும்.

சரி, எண் பெரிதானால் நோயும் பெரிதா?

இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள். கொரோனா நோயாளிகளைக் கூட்டமாக எடுத்துப் பார்த்தபோது, சிஆர்பியும் டி-டைமரும் அதிகமாகவும் லிம்போசைட் குறைவாகவும் இருந்தவர்களில் கூடுதல் பேர் மோசமானார்கள் என்பது உண்மை. ஆனால் அது கூட்டத்தைப் பற்றிய உண்மை. உங்கள் சித்தப்பா என்ற ஒரு மனிதரை அதில் எங்கே வைப்பது என்று எண் மட்டும் சொல்லாது.

காரணம் எளிது. மூச்சு நோய் முற்றுவதற்குப் பல வழிகள் இருக்கின்றன, எல்லா வழியும் கல்லீரலைத் தொட்டுக்கொண்டு போவதில்லை. ஆர்எஸ்வி என்ற வைரஸ் கைக்குழந்தைகளின் நுரையீரலில் மிகச் சிறிய மூச்சுக் குழல்களை வீங்க வைத்துச் சளியால் அடைத்துவிடும். குழந்தை விலா உள்வாங்க மூச்சுவிடும், பால் குடிக்காது, சிஆர்பி பெரும்பாலும் கொஞ்சம்தான் ஏறியிருக்கும். ஆஸ்துமா இருப்பவருக்கு ஒரு சாதாரண சளி வீசிங்கைக் கிளப்பிவிட்டு, மூச்சுக் குழல் இறுகி, ஆளைச் சாய்த்துவிடும், சிஆர்பி நார்மல். கூரையில் விழுந்த பாறை இதுதான், ஓடைத் தண்ணீர் கலங்காது. மறுபக்கம், ஃப்ளூவோ அடினோவைரஸோ வந்த ஒரு வாலிபருக்கு சிஆர்பி 80-க்குப் போய், நான்கு நாள் படுத்து, எழுந்து வேலைக்குப் போய்விடுவார்.

அதே அடினோவைரஸ் உதாரணம் இன்னொரு நம்பிக்கையையும் உடைக்கிறது: "சிஆர்பி ஏறினால் பாக்டீரியா, ஆன்டிபயாடிக் போடு." 100-ஐத் தாண்டினால் பாக்டீரியாவுக்கு வாய்ப்புக் கூடுகிறது என்பது சரி, வைரஸ் மட்டும் இருந்தால் அந்த எண்ணை எட்டவே எட்டாது என்பது சரியில்லை.

ஆக அழற்சி ஒன்று, நோயின் தீவிரம் இன்னொன்று. பல நேரம் சேர்ந்து நடக்கும், எப்போதும் இல்லை. வைரஸ் மூச்சு நோயில் தீவிரத்தை முதலில் காட்டுவது மூச்சும் ஆக்ஸிஜனும்.

அப்படியென்றால் டெஸ்ட் எதற்கு?

ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே ஆக்ஸிஜன் இறங்கிய நோயாளிக்கு எந்த மருந்து என்று முடிவெடுக்க. பிரிட்டனில் நடந்த ரெகவரி என்ற கொரோனா மருந்து ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2020 ஜூனில் அதன் பெரிய முடிவு ஒன்று வந்தது: டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு, வென்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கும், ஆக்ஸிஜன் வைத்திருந்தவர்களின் மரணத்தை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு ஒரு பயனும் இல்லை, கெடுதலுக்கான சாயல்கூடத் தெரிந்தது. அதே ஆய்வில் அடுத்து, ஐஎல்-6 செய்தியைத் தடுக்கும் டோசிலிசுமாப் மருந்தைச் சோதித்தபோது யாரைச் சேர்த்தார்கள் தெரியுமா? ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு 92 சதவீதத்துக்குக் கீழே போனவர்கள் அல்லது ஆக்ஸிஜன் வைத்தவர்கள், அதோடு சிஆர்பி 75 அல்லது மேல். இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும். சிஆர்பி மட்டும் 75 என்பதற்காக யாருக்கும் அந்த மருந்து போகவில்லை.

நம் ஊரில் நடந்தது தலைகீழ். 2021 இரண்டாம் அலையில், காய்ச்சல் வந்த மறுநாளே பாக்கேஜ் டெஸ்ட், சிஆர்பி கொஞ்சம் ஏறியிருந்தால் கையோடு ஸ்டீராய்டு. அந்த மே மாதத் தொடக்கத்திலேயே எய்ம்ஸ் இயக்குநராக இருந்த ரந்தீப் குலேரியா, லேசான நோய்க்கு சிடி ஸ்கேனும் இந்த ரத்தப் பரிசோதனைகளும் வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொன்னார். ஸ்டீராய்டைத் தேவையில்லாமல் எடுத்ததும் கட்டுக்குள் இல்லாத சர்க்கரையும் சேர்ந்து கருப்புப் பூஞ்சைக்கு வழிவிட்டதை அந்தக் கோடையில் எல்லோரும் பார்த்தோம்.

டோசிலிசுமாப் போட்ட பிறகு சிஆர்பி மளமளவென்று இறங்கும். நோயாளி குணமாவதால் இறங்குகிறதா என்றால், அவசியமில்லை. கல்லீரலுக்குச் செய்தி போகிற வழியையே மருந்து அடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

மலையில் ஆக்ஸிமீட்டரைப் படிப்பது

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர், ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஆக்ஸிஜன் ஏறியிருக்கிறது என்று காட்டும். லேப் ரிப்போர்ட்டைவிட இதைப் பார்ப்பது உபயோகம் என்று சொல்லிவிட்டேன், ஆனால் இங்கே அதற்கும் ஒரு திருத்தம் வேண்டும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், கொடைக்கானல் சுமார் 2,100. ஊட்டியில் காற்றழுத்தம் சென்னையில் இருப்பதைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. சமவெளியில் 97, 98 காட்டுகிற ஆரோக்கியமான ஆளுக்கு இங்கே 94, 95 காட்டலாம், அது நோயில்லை. அதனால் வீட்டில் வயதானவர்கள் நன்றாக இருக்கும் நாளிலேயே ஒருமுறை அளந்து காலண்டரில் எழுதி வையுங்கள். சளி வரும்போது அந்த எண்ணிலிருந்து மூன்று நான்கு புள்ளி இறங்கினால் அதுதான் விஷயம்.

குளிரில் விரைத்த விரலில் இந்தக் கருவி உளறும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, நகப்பூச்சு இருந்தால் அழித்துவிட்டு, எண் நிலையாக நிற்கும் வரை வைத்திருங்கள். கருத்த தோலில் உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும் குணமும் இதற்கு உண்டு, ஆகவே எண் நன்றாக இருந்து ஆள் நன்றாக இல்லையென்றால் ஆளை நம்புங்கள்.

கருவி இல்லாத வீட்டில் கடிகாரம் போதும். ஒரு முழு நிமிடம் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு 24-ஐத் தொட்டால் மருத்துவரிடம் போக வேண்டும், 30 என்றால் உடனே. ஒன்று முதல் ஐந்து வயது வரை 40, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60. இவற்றை எட்டினாலே வேகமான மூச்சுதான். விலா உள்வாங்குவது, உதடு நீலம் பாய்வது, ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திக்கிப் பேசுவது, புதிதாகக் குழப்பமாகப் பேசுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் சிஆர்பி என்ன என்று கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம்.

கீழே கொண்டுபோகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர் உயரம்தான். மலையில் 88 காட்டியவருக்கு அங்கே இறங்கியதும் நோய் ஒரு துளியும் குறையாமலே எண் சில புள்ளி ஏறிவிடும், காற்று அடர்த்தியானதால். "இப்ப பரவாயில்லையே" என்று பாதி வழியில் திரும்பியவர்களும் உண்டு, கீழே ஆஸ்பத்திரியில் அந்த எண்ணை மட்டும் பார்த்து லேசான கேஸ் என்று உட்கார வைத்துவிடுவதும் நடக்கும். மேலே எத்தனை காட்டியது, எந்த ஊரில், எத்தனை மணிக்கு, ஆக்ஸிஜன் வைத்தா வைக்காமலா என்று ஒரு சீட்டில் எழுதி, லேப் ரிப்போர்ட்டுக்கு மேலே வைத்துக் கொடுங்கள்.